தேய்க்கிற விளிம்பு

போன ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் நண்பன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே, பழைய போர்வையில் சுற்றிய ஒரு ரேஸிங் சீட். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கண்ணாடியிழை ஓடு, கறுப்புத் துணி, தோள்பட்டைக்கு இரண்டு துளை, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவில் ஒன்று. கூடவே பாக்கெட் பிரிக்காத ஆறு முனை ஹார்னெஸ்.

"இருங்காட்டுக்கோட்டைல ட்ராக் டே போறேன்டா. நீயே மாட்டிக் குடு."

"நானா?"

"நீதான். நீ ஒரு தடவ தப்புப் பண்ணவன். இன்னொரு தடவ பண்ண மாட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது பதினைந்து வருடத்துக்கு முந்தைய விஷயம்.

*

இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் இருபது பேர் சேர்ந்து ஒரு சின்ன ரேஸ் கார் கட்டினோம். ஒற்றை சிலிண்டர் பைக் இன்ஜின், குழாய்களை வெல்டு செய்த சேஸிஸ். சஸ்பென்ஷனுக்கும் இன்ஜினுக்கும் அடிதடி. ஓட்டுநர் பாதுகாப்பு என்ற துறையை யாரும் கேட்கவில்லை, அது என் தலையில் விழுந்தது. எனக்கும் பெரிதாக ஆர்வமில்லை. சீட் செய்யணும், பெல்ட் மாட்டணும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அலுமினியத் தகட்டை வளைத்து சீட் செய்தேன். தோள்பட்டைத் துளைகளை ஆங்கிள் கிரைண்டரால் முன்பக்கமிருந்து வெட்டினேன். முன்பக்கம் பார்க்க அழகாக வந்திருந்தது. தகட்டை ஒரு பக்கமிருந்து வெட்டினால் பிசிறு மறுபக்கம்தான் தள்ளும். சீட்டுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில், துளையின் விளிம்பு ரம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. போதாததற்கு, துளையை இரண்டு விரற்கடை கீழே வெட்டிவிட்டேன். தோளிலிருந்து வருகிற பெல்ட் நேராகப் பின்னால் போகாமல் அந்த விளிம்பில் மடிந்து திரும்பிப் போனது.

இரண்டு மாதம் ஹாஸ்டலுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியவன் இந்த நண்பன்தான். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எப்படி அதிரும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அதிர்விலும் பெல்ட் அந்த விளிம்பின் மேல் முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசையும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஊர்ந்தது பெல்ட், தேய்ந்ததும் பெல்ட்.

போட்டிக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் பெல்ட்டின் பின்பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு ஓரம் பூராவும் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று கிளம்பியிருந்தது. எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. 'அசிங்கமா இருக்கே' என்று தோன்றியது. அவ்வளவுதான். நைலான் கயிற்று நுனி பிரிந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். மேசையில் கிடந்த லைட்டரை எடுத்து, பிசிறு முழுவதையும் பொசுக்கி, சூடு ஆறுவதற்குள் விரலால் நீவிவிட்டேன். புது பெல்ட் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது சாஃப்ட்வேரில் இருக்கிறேன். வார்னிங் வருகிறதே என்று, அது ஏன் வருகிறது எனப் பார்க்காமல், வார்னிங்கை மட்டும் அணைத்துவைக்கிற ஜூனியர் பையன்களைத் திட்டும்போதெல்லாம் அந்த லைட்டர் ஞாபகம் வரும்.

*

போட்டியில் காரைப் பரிசோதிக்க வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு டார்ச். இன்ஜினைப் பார்க்கவில்லை, நேராக சீட்டுக்கு வந்தார். பெல்ட்டைக் கழற்றி, துளையிலிருந்து முழுசாக வெளியே இழுக்கச் சொன்னார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு மெதுவாக உருவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"யாரு இதுல தீ வச்சது?"

யாரும் பேசவில்லை. அவர் அந்த இடத்தை மடித்தார். உருகி இறுகிப்போயிருந்த ஓரம் சட்டென்று வெடித்து, உள்ளிருந்து அறுந்த இழைகள் வெள்ளையாக விரிந்தன. ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. எங்கள் கார் அன்றைக்கு ஓடவில்லை.

நண்பன் பெல்ட்டை வாங்கிப் பார்த்தான். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா," என்றேன்.

*

அந்தப் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு கொரட்டூருக்கு வந்தேன். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதை வாங்கினாலும், டம்ளரோ ஜன்னல் கிரில்லோ, முதலில் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். நான் பெல்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பெல்ட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"சீட்டு எங்க?"

"காலேஜ்ல இருக்கு."

"அதக் கொண்டாரணும்ல? பெல்ட்டு தானா தேயாதுடா. எதுவோ தேய்ச்சிருக்கு. விளிம்ப விட்டுட்டு நாடாவத் திட்டிட்டு இருக்க."

எங்கள் பழைய வீட்டில் கிணறு இருந்த காலத்தில் ராட்டினம் உடைந்துபோய், கொஞ்ச நாள் கைப்பிடிச் சுவர் மேலேயே கயிற்றைப் போட்டு இறைத்தார்களாம். வாரத்துக்கு ஒரு கயிறு போனது. பாட்டி கயிற்றுக் கடைக்காரரோடு சண்டை போட்டாள். தாத்தா ராட்டினத்தை மாட்டியதும் சண்டை நின்றது. அப்பா இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

பெல்ட் ஓரத்தில் நாலு இழை போனால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், 0.1 விநாடியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை கிட்டத்தட்ட 850 கிலோ எடைக்குச் சமம். ஒரு சின்னக் காரின் எடையை நெருங்குகிற கணக்கு. இது நம் தெருமுனை வேகம். பந்தயத் திடலில் வேகம் இரட்டிப்பானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

இந்தச் சுமை நாடாவின் அகலம் முழுக்கச் சமமாகப் பரவும் என்ற நம்பிக்கையில்தான் பெல்ட் நெய்யப்படுகிறது. ஓரம் அறுந்திருந்தால் அந்தக் கணக்கு உடைகிறது. துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். மீட்டர் அளந்ததும் கரையில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் கையாலேயே 'டர்ர்' என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிழித்துவிடுவார்கள். வெட்டு இல்லாத துணியை அப்படிக் கிழிக்க பயில்வானாலும் முடியாது.

2001 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவில் டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. அவர் இறந்துபோனார். அவருடைய இடது இடுப்புப் பெல்ட் பிரிந்து கிடந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நாஸ்கார் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பெல்ட் நீளத்தைச் சரிசெய்கிற உலோகக் கொக்கிக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து குவிந்து, சுமை சமமாக விழாமல் கிழிந்தது என்றது. அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் 'டம்பிங்'. மரணத்துக்கு அது ஒன்றே காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. மோதிய வேகம், கோணம், சற்று முன்னால் இன்னொரு கார் மோதியது என்று பலதும் சேர்ந்தன. பெல்ட்டைப் பொருத்திய விதம் சரியா தவறா என்ற சர்ச்சை நெடுநாள் ஓடியது. அது தேய்மானம் அல்ல என்பதும் உண்மை. ஆனாலும் நாடா ஓரத்திலிருந்து கிழியும் என்ற பாடம் ஒன்றுதான். பெல்ட் எந்தக் கோணத்தில் எதைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதும் பெல்ட்டின் பலம்தான்.

சர்வதேச வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில், பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு இதைச் சாதாரண மொழியில் சொல்கிறது. கூர்மையான விளிம்பில் பெல்ட் உரசிச் சேதமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புப் பெல்ட் சீட்டின் பக்கச்சுவருக்கு மேலாகப் போகக் கூடாது, சீட்டின் துளை வழியாகத்தான் போக வேண்டும். தோள்பட்டைப் பெல்ட் பின்பக்கம் கீழே இறங்குகிற கோணம் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வெட்டுப்பட்டாலோ, பிசிறு கிளம்பினாலோ, ரசாயனமோ வெயிலோ பட்டு நைந்தாலோ பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். பொசுக்கலாம் என்று எங்கேயும் போடவில்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டு, முதலில் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து துளைகளில் மூன்றில் பழைய பிளாஸ்டிக் விளிம்புச் சட்டம் உடைந்திருந்தது. கண்ணாடியிழை வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு மழுங்கலாக இருக்கும், தடவினால் உப்புத்தாள். அப்பாவின் அரைவட்ட அரத்தை எடுத்து ஒவ்வொரு விளிம்பையும் உருட்டினேன். பிறகு எமரி. கடைசியில் பெண்களின் மெல்லிய துப்பட்டா ஒன்றை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்தேன். எங்கே சிக்குகிறதோ அங்கே மறுபடி அரம். எங்கும் சிக்காத பிறகு புது விளிம்புச் சட்டங்களை மாட்டினேன். வெறும் ரப்பர் பீடிங்கை ஒட்டிவிட்டால் போதாது, அது நழுவிக் கழன்றால் பழைய கதைதான்.

அடுத்து கோணம். அவன் ஏற்கனவே பின்னால் ரோல் பார் போட்டிருந்தான். அவனை சீட்டில் உட்காரவைத்து, தோளிலிருந்து பார் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்தேன். நூல் துளையின் மேல் விளிம்பையும் தொடக் கூடாது, கீழ் விளிம்பையும் தொடக் கூடாது. சீட்டின் அடிச்சட்டத்தில் போல்ட்டை ஒரு துளை மாற்றியதும் நூல் நடுவில் போனது. பிறகு சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்த கோணம், குள்ளமான இன்னொருவர் சீட்டை முன்னால் இழுத்ததும் மாறிவிடும். இடுப்புப் பெல்ட் சீட் தண்டவாளத்தின் போல்ட் முனையில் உரசுகிறதா, நடுப்பெல்ட் சீட்டின் முன்விளிம்பில் மடிகிறதா, எங்காவது முறுக்கிக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

"இதுல எக்ஸ்பயரி டேட் வேற போட்டிருக்கான். பால் பாக்கெட்டா இது?" என்றான்.

எஃப்ஐஏ 8853/98 முத்திரை உள்ள பெல்ட்டுக்கு ஐந்து வருடம், அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ 16.1 முத்திரைக்கு இரண்டு வருடம். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் இழையை மெல்ல நொய்யவைக்கிறது. சென்னை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இழைகளுக்கு நடுவில் புகுந்த மணல் துகளும் உள்ளிருந்தே அறுக்கும். அதனால் ட்ராக் டே முடிந்ததும் கழற்றி உள்ளே வை, அழுக்கானால் மிதமான சோப்புத் தண்ணீரில் மட்டும் அலசு, பிளீச்சிங் பக்கமே போகாதே என்று சொன்னேன். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் காரின் சொந்தப் பெல்ட்டையே போட்டுக்கொள், ஹார்னெஸ் திடலுக்குள் மட்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினான்.

கடைசியாக, ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்னாலும் பெல்ட்டைத் துளையிலிருந்து உருவி விரலால் பார்க்கச் சொன்னேன். "கண்ணால பாக்காத. விரலால பாரு. ஓரம் கெட்டியா, வழவழன்னு இருந்தாலும் சந்தேகப்படு. யாராவது..."

நிறுத்திவிட்டேன்.

"யாராவது பொசுக்கியிருப்பாங்க," என்று அவன் முடித்தான்.

அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பொய் சொன்னதை இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

"டேய், அது..."

"தெரியும்டா. லைட்டர் என்னோடது. காஸ் தீர்ந்திருந்துச்சு, மொத நாள்தான் புதுசு வாங்கி அந்த டேபிள்ல வச்சேன். மறுநாள் அதோட மூக்குல கருப்பா பெல்ட் பிசுக்கு ஒட்டியிருந்துச்சு."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டேனே. தெரியாதுன்ன."

சொல்லிவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நான் ஆறு முனைகளையும் மாட்டினேன். இடுப்பை முதலில் இறுக்கி, பிறகு தோள். பின்னால் போய் டார்ச் அடித்து இரண்டு துளைகளையும் மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அப்பா உள்ளேயிருந்து வந்து, கேட்காமலேயே கையைத் துளைக்குள் விட்டு விளிம்பைத் தடவினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். எங்கள் வீட்டில் அதுதான் ஸ்டிக்கர்.