வேலை போன ஊரில் வாடகை வீடு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எக்ளிங்ரன் கிழக்கு வீதியில் விக்ரோரியா பார்க்கைத் தாண்டினால் பேர்ச்மவுண்ட் வரைக்கும் இன்று இரு பக்கமும் கடைத்தொகுதிகளும் கார் நிறுத்துமிடங்களும்தான். இரண்டாம் உலகப்போரில் இங்கே குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் ஆலை இருந்தது. போர் முடிந்ததும் ஸ்காபரோ உள்ளூராட்சி அந்த நிலத்தை வாங்கித் தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, கோல்டன் மைல் என்று பெயரும் வைத்தது. 1959இல் எலிசபெத் மகாராணியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜெனரல் மோட்டர்ஸ் 1974 முதல் இங்கே வான்கள் செய்தது. 1993இல் அந்த ஆலை மூடப்பட்டது. அது நின்ற இடத்தில் இப்போது திரையரங்கோடு ஒரு கடைத்தொகுதி.

இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள் ஸ்காபரோவுக்குப் பெருந்தொகையாக வந்து சேர்ந்ததும் அந்த வருடங்களில்தான். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய வருகை அது. 1986இல் எங்கள் ஆட்கள் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். முதலில் செயின்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பிறகு வாடகை குறைவு என்று கிழக்கே நகர்ந்தோம். வாடகை ஏன் குறைவு என்று அப்போது எவரும் யோசிக்கவில்லை.

அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1989 ஜனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடங்களில் மெக்சிக்கோவும் சேர்ந்து அது நாஃப்டா ஆனது. வான் ஆலை மூடியதற்கு ஒப்பந்தத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வாகனங்களுக்கான எல்லை வரி 1965ஆம் ஆண்டு வாகன ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் நீங்கிவிட்டது. கூடவே வட்டி வீதம் ஏறியிருந்தது, பொருளாதார மந்தமும் இருந்தது. வரிச்சுவருக்குப் பின்னால் பிழைத்துவந்த மற்றத் தொழிற்சாலைகளுக்குத்தான் ஒப்பந்தத்தின் அடி நேராக விழுந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் டேனியல் ட்ரெஃப்லர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து சொன்னது. வரி அதிகம் வெட்டப்பட்ட தொழில்களில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் குறைந்தது. அதே தொழில்களில் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் 15 சதவீதம் கூடியது. இரண்டும் உண்மை. நாடு மொத்தமாக இலாபம் கண்டது. ஆனால் இலாபம் நாடு முழுக்கப் பரவ, நட்டம் சில வீதிகளில் குவிந்தது.

இப்படி ஒரு சந்தைத் திறப்பை நான் ஏற்கெனவே யாழ்ப்பாணத்தில் பார்த்தவன். 1970க்கும் 1977க்கும் இடையில் இலங்கை இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. தெற்கே பாணுக்கு வரிசை. எங்கள் செம்மண் தோட்டங்களில் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் கண்டறியாத விலை. இறைப்பு மெசின் வாங்கியவர்கள், கல்வீடு கட்டியவர்கள், விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களுக்குப் போன படித்த இளைஞர்கள் என்று ஒரு தலைமுறையே நிமிர்ந்தது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அரசு கதவைத் திறந்ததும் வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது, விலை விழுந்தது. கொழும்பில் வரிசைகள் மறைந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் விலை விழுந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர் என்று எவரையும் எனக்கு நினைவில்லை. கடன் ஏறியது, நகை அடைவுக்குப் போனது, பொடியன்கள் வெளிநாடு போனார்கள். வீடு மட்டும் இருந்தது. கிணறும் நாலு பனையும் இருந்தன. நிலமில்லாத கூலிக்காரருக்கு அந்த ஆறுதலும் இல்லை என்பதை இன்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கனடாவில் நாங்கள் அந்தக் கூலிக்காரரின் இடத்தில் வந்து நின்றோம். வேலைக்கு விழுந்த அடி இங்கே நேராகக் கூரையில்தான் விழுந்தது.

விழுந்த விதம் இதுதான். ஆலையில் நிரந்தர வேலை இருந்த காலத்தில் ஒரு வேலைக் கடிதத்தைக் காட்டினால் வாடகை வீடு கிடைத்தது, வங்கிக் கடனும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஏஜென்சி வேலை. விடியப்புறம் வந்து நிற்கும் வானில் ஏறி, பொதி கட்டும் இடத்துக்கோ பேக்கரிக்கோ போவோம். நாளைக்கு வேலை உண்டா என்பது இரவு வரும் அழைப்பில்தான் தெரியும். அதற்குக் கடிதம் தர ஆளில்லை. கடிதம் இல்லாதவனிடம் வீட்டுக்காரர் பிணையாளி கேட்பார், ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பார். சட்டப்படி கடைசி மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்க முடியாது. மிஞ்சியது பேஸ்மென்ட். கடிதம் கேட்காமல், ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு இடம் தந்த மேல்வீட்டுக்காரர்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வான் ஆலை மூடிய அதே 1993இல்தான் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. வேலை போன ஊருக்கு மத்திய அரசின் வீட்டுப் பணமும் வராது என்று ஒரே ஆண்டில் தீர்ந்துவிட்டது. 1998இல் ஒன்ராறியோ இன்னொரு கதவைத் திறந்தது: குடியிருப்பவர் போனதும் வீட்டுக்காரர் விரும்பிய வாடகையை வைக்கலாம். 2018 நவம்பருக்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடே இல்லை. ஸ்காபரோவில் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் 2024 மார்ச் 31 வரை சட்டவிரோதமாக இருந்தன. ஆகவே அப்போது தீ எச்சரிக்கை மணி வேலை செய்யாவிட்டாலும் முறையிட முடியவில்லை. முறையிட்டால் வீட்டையே மூடிவிடுவார்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் கால் சதவீதத்திலிருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் ஐந்து சதவீதமானது. அப்போது மேல்வீட்டாரும் தவித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்த கீழ்வீட்டில், மாத வாடகையை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றார். "தங்கச்சி, மோர்கேஜ் கட்டேலாமல் கிடக்கு. வீட்டை விக்கப் போறம். வாங்கிற ஆக்கள் கீழ்வீட்டையும் கேக்கினம்." அவள், "அண்ணை, பிள்ளையின்ர பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் பொறுங்கோவன்" என்றாள். சட்டம் கொடுப்பது அறுபது நாள் அவகாசமும் ஒரு மாத வாடகையும். இருவருமே ஏஜென்சி வேலையில் தொடங்கியவர்கள். ஒருவர் இரண்டு வேலை அடித்து வீடு வாங்கினார், மற்றவர் பிந்தி வந்தவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

1985இல் மக்டொனால்ட் ஆணைக்குழு சுதந்திர வர்த்தகத்தைப் பரிந்துரைத்தபோது, வேலை இழப்போருக்கு மாற்றுக்கால உதவித் திட்டம் ஒன்றையும் பரிந்துரைத்தது. ஒப்பந்தம் வந்தது; அதற்கென்று தனித் திட்டம் வரவில்லை. வந்திருந்தாலும் எங்களுக்குப் பயன்பட்டிராது. அந்த உதவி, கையில் இருந்த வேலையை இழந்தவருக்கானது. நாங்கள் இழந்தது வந்ததும் கிடைத்திருக்க வேண்டிய வேலையை. அந்த இழப்பு எந்தப் படிவத்திலும் ஏறாது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா வாகனங்களுக்கு 25 சதவீத வரி விதித்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில், ரொறன்ரோவை அடுத்த பிரம்ரனிலுள்ள ஆலைக்குத் தருவதாக இருந்த ஜீப் உற்பத்தியை அமெரிக்காவின் இல்லினோய்க்கு மாற்றுவதாக ஸ்ரெலான்ரிஸ் நிறுவனம் அறிவித்தது. சந்தை திறந்தபோது அடிபட்டவை போன்ற பகுதிகளே அது மூடும்போதும் அடிபடுகின்றன. பிரம்ரனிலும் வீட்டுக்கு வீடு பேஸ்மென்ட். அங்கே இருப்பவர்கள் எங்களைப் போல் பிந்தி வந்தவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிப் பிள்ளைகள். நிறுவனங்களுக்கு நிவாரணம் பேசுகிறார்கள், தொழிலாளருக்கு மறுபயிற்சி பேசுகிறார்கள். அந்த நிவாரண நிதியில் ஒரு பங்கு, வேலை நின்ற குடும்பம் வாடகை நிலுவையால் வெளியேற்றப்படாமல் இருப்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும். ஏஜென்சித் தொழிலாளியும் அதில் சேர்க்கப்பட வேண்டும், கையில் கடிதம் இல்லாவிட்டாலும்.