தேக்கு மேசையும் பின்கோடும்

சென்னைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் பெரிய பெரிய குடோன்களில் ‘பேக்டரி அவுட்லெட்’ என்று போர்டு மாட்டி விலை உயர்ந்த பர்னிச்சரைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். ஷோரூமில் மாதக் கணக்கில் காட்சிக்கு இருந்தது, வண்டியில் வரும்போது மூலை நசுங்கியது, வாங்கியவர் திருப்பி அனுப்பியது, கம்பெனி நிறுத்திவிட்ட மாடல் ஆகியவைதான் பெரும்பாலும் அங்கே வந்து சேரும். நானும் அம்மாவும் சாப்பாட்டு மேசை ஒன்றும் ஆறு நாற்காலிகளும் வாங்கப் போனோம்.

விஷயம் தெரிந்ததும் கூட வேலை செய்யும் ஒருவர், “தோழர், நீங்களுமா?” என்று சிரித்தார். நுகர்வு வெறி, எளிமை என்று கொஞ்ச நேரம் பேசினார். நல்ல மனிதர்தான். அவர் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் தொங்குகிறது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த அலமாரி இருக்கிறது. அவர் வாழ்நாளில் ஒரு நாற்காலிகூடக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. எளிமையாக இருப்பது அவருக்குச் செலவில்லாத காரியம். எங்கள் வீட்டுக்குத் தலைமுறை தாண்டி வந்த மரச்சாமான் என்று பார்த்தால் ஒரு உலக்கை. சொத்து பற்றிப் பேசும்போது நிலத்தையும் நகையையும் கணக்கெடுக்கிறோம், உட்காரும் பலகையை யாரும் கணக்கெடுப்பதில்லை. பியர் பூர்தியு ரசனைக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவை 1979இல் ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது பிரான்சு நாட்டுச் சங்கதி என்று நினைத்தவர்கள் உண்டு. நான் அந்த ஊஞ்சலை நினைத்துக்கொள்வேன்.

நம் மக்கள் என்ன பொருள் வைத்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் முடிவு செய்வது புதிதும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம்மவர்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியபோது குடிசைகள் எரிந்தன. ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார், தேடிப் படியுங்கள். வாங்க முடியாததால் இல்லாமல் போவது வேறு, வாங்கக் கூடாது என்பதால் இல்லாமல் போவது வேறு. ‘உனக்கு எதற்கு இது’ என்று கேட்கிறவர் எந்த வரிசையில் நின்று கேட்கிறார் என்பதை அவர் ஒருமுறை யோசிக்கலாம்.

நாற்காலி விஷயத்தைத் தனியாகவே எழுதலாம். அண்ணல் பள்ளிக்குச் சாக்குத் துணி கொண்டுபோய் அதில் உட்கார்ந்தார். பள்ளியைச் சுத்தம் செய்கிற வேலைக்காரர் அதைத் தொட மாட்டார் என்பதால் மாலையில் சுருட்டி வீட்டுக்கே எடுத்துவர வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, ஊராட்சி மன்றத் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தேர்தலில் ஜெயித்தவர் அவர். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது.

கடைக்கு வருகிறேன். எங்கள் வீடு வியாசர்பாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, தவணையில் வாங்கிய டிவி ஸ்டாண்டும் மேசையும் ரொட்டி மாதிரி ஊறி உப்பிப்போயின. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். ஏழைக்கு மலிவு என்று விற்கப்படுவது தண்ணீர் நிற்கிற தெருவுக்குத்தான் வருகிறது. முழு மரச் சாமானை எங்கள் தெருவில் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

விற்பனைப் பையன் ஒரு மேசையைக் காட்டி, “பியூர் தேக்கு மேடம்” என்றான். அம்மா குனிந்து அடிப்பக்கம் தடவிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். “தம்பி, இது மேல ஒட்டுனதுப்பா. மேல ஓடுற ரேகை ஓரத்துல திரும்பி வரல பாரு. உள்ள பிளைவுட்டு” என்றார். பையன் சிரித்துவிட்டு, “அம்மா கடை வச்சிருக்காங்களா மேடம்?” என்று என்னைக் கேட்டான். அம்மா அண்ணா நகரில் ஒரு வீட்டில் இருபத்திரண்டு வருடம் தேக்கு மேசை துடைத்தவர். அதன் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தக் குடோனில் இல்லை. இழுப்பறையை வெளியே உருவி அதன் பின்பலகையைப் பார்க்க வேண்டும், நாற்காலியை ஒரு காலில் பிடித்துத் தூக்கி ஆட்டம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அன்று அவரிடம் கற்றது. கடைசியில் அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு நாற்காலியின் முதுகில் கீறல். மொத்தமும் நாற்பத்தொன்றாயிரம், பழைய விலைச்சீட்டில் தொண்ணூற்றிரண்டு. (பழைய விலைச்சீட்டை அப்படியே நம்பாதீர்கள். தள்ளுபடி பெரிதாகத் தெரிய அதுவும் ஏற்றப்பட்டிருக்கலாம்.)

பாதிப் பணம் கையில், மீதி தவணையில் என்று திட்டம். கடைக்குள்ளேயே ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சம்பளச் சீட்டைப் பார்த்தார், “ஓகே மேடம்” என்றார். என் கடன் மதிப்பெண்ணைப் பார்த்தார், அதுவும் சரி. ஆதாரில் முகவரி பார்த்து டேப்பில் பின்கோடு அடித்ததும் முகம் மாறியது. “இந்த ஏரியா எடுத்துக்கல மேடம். வேற அட்ரஸ் ப்ரூப் இருக்கா?”

“எனக்கு வீடு இதுதான். வேற அட்ரஸ் எங்கிருந்து வரும்?”

“சிஸ்டம்ல நெகட்டிவ்னு வருது மேடம். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் பொய் சொல்லவில்லை. சாதி என்ற சொல் அந்த டேப்பில் எங்கேயும் இருந்திருக்காது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், முகவரியைக் கேட்டாலே போதும், வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. வேலை தேடும் தம்பிகள், தங்கைகள், வாடகை வீடு தேடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது. ஒரு மனிதர் முகத்தைச் சுளித்தால் அவரோடு சண்டை போடலாம். இங்கே எல்லாரும் மரியாதையாக ‘மேடம்’ போட்டுப் பேசுகிறார்கள், முடிவெடுத்தவர் மட்டும் யாரென்று தெரிவதில்லை.

அம்மா மகளிர் குழுச் சீட்டுப் பணத்தை எடுத்தார். மேசை வந்துவிட்டது, மாடி ஏற்றுக்கூலி தனி.

அந்த நிதி நிறுவனத்துக்கு, என் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, ‘நெகட்டிவ்’ பட்டியலை எந்த அடிப்படையில் தயாரிக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இதேபோல் உங்களுக்கு நடந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், எழுத்தில் புகார் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்தில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. அந்த நிறுவனம் திட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.