இலை பறிக்கப் போனவர்கள்

2023 ஜனவரி 12, 13 ஆகிய இரண்டு நாட்களில், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், அரிபிந்தா என்ற ஊருக்கு வெளியே இலையும் காட்டுக்காய்களும் பறித்துக்கொண்டிருந்த பெண்களை ஆயுதம் ஏந்திய ஜிகாதிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு கூட்டம் லிக்கி என்ற கிராமத்துப் பக்கம் பிடிபட்டது, இன்னொன்று ஊருக்கு மேற்கே. தப்பி ஓடிவந்த சிலர் சொல்லித்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்று முதலில் செய்தி வந்தது. அவர்களை உடனே விடுவிக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அறிக்கை விட்டார். ஜனவரி 20 அன்று, அவர்கள் மீட்கப்பட்டதாக அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. மொத்தம் 66 பேர்.

செய்தியைப் படித்ததும் எனக்குள் எழுந்த கேள்வி மிக எளிமையானது. ஊரைச் சுற்றி ஆயுதக்குழுக்கள் நிற்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் போனார்கள்? பதிலும் செய்தியிலேயே இருந்தது. ஊருக்குள் சாப்பிட எதுவும் இல்லை. ஆண்கள் வெளியே போனால் சுட்டுவிடுவார்கள். பெண்கள் போனால் ஒன்றும் செய்யமாட்டார்கள். அதனால் பெண்கள் போனார்கள்.

‘பெண்களை ஒன்றும் செய்யமாட்டார்கள்.’ அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

அரிபிந்தா, புர்கினாவின் வடக்கே இருக்கிறது. 2025 வரை அது சூம் மாகாணத்தில் இருந்தது. மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றும் சந்திக்கும் அந்த எல்லைப்பகுதியை லிப்தாகோ-குர்மா என்பார்கள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு பட்டைபோலக் கிடக்கும் சஹேல் நிலம் அது. ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் மழை. கம்பும் சோளமும் விளையும். உழுபவர்களும் மாடு மேய்ப்பவர்களும் ஒரே நிலத்தை மாறிமாறிப் பயன்படுத்தி வாழ்ந்தவர்கள். எல்லைக்கோடுகள் பிரெஞ்சுக்காரர்கள் போட்டவை. ‘அப்பர் வோல்டா’ என்று தாங்களே உண்டாக்கிய காலனியை 1932இல் கலைத்து அண்டைக் காலனிகளுக்குப் பங்கிட்டார்கள், 1947இல் திரும்ப ஒட்டவைத்தார்கள். மாடுகள் அந்தக் கோட்டை மதித்ததில்லை. இன்று ஆயுதக்குழுக்களும் மதிப்பதில்லை. ஒரு நாட்டில் தாக்கிவிட்டு இன்னொரு நாட்டுக் காட்டில் ஒதுங்குகிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடும் குடும்பங்களுக்கு மட்டும் அந்தக் கோடு பொருள்படுகிறது. தாண்டிவிட்டால் அவர்கள் அகதிகள்.

2012இல் மாலியின் வடபகுதி ஆயுதக்குழுக்களின் கையில் விழுந்ததிலிருந்து இது தொடங்குகிறது. புர்கினாவில் 2016இல் மாலம் இப்ராகிம் திக்கோ என்ற போதகர் அன்சாருல் இஸ்லாம் என்ற குழுவைத் தொடங்கினார். 2017இல் மாலியில் பல குழுக்கள் சேர்ந்து, அல்கொய்தாவுக்கு விசுவாசம் தெரிவித்து, ஜேஎன்ஐஎம் என்ற ஒரே அமைப்பாயின. அதற்குப் போட்டியாக இஸ்லாமிய அரசு அமைப்பின் கிளையும் அதே எல்லையில் இயங்குகிறது. இவர்கள் முற்றுகையிடும் ஊர்களில் பெரும்பாலானவை முஸ்லிம் ஊர்கள். செத்தவர்களில் பெரும்பாலோரும் ஐந்துவேளை தொழுதவர்கள். இதை மதங்களுக்கு இடையிலான சண்டை என்று நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி உதவாது.

திக்கோ ஆயுதம் எடுப்பதற்கு முன் ஆண்டுக்கணக்கில் உள்ளூர் வானொலிகளில் பேசியவர். பரம்பரைத் தலைவர்களும் மதகுருக்களும் ஏழைகளை உறிஞ்சுகிறார்கள் என்றார். கல்யாணத்துக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டார். கையில் காசில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன இளைஞர்களுக்கு இந்தப் பேச்சு இனித்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நியாயம் பெண்கள் பக்கம் வந்தபோது வேறாகிவிட்டது. குழுக்களின் கட்டுப்பாட்டுக்கு வந்த கிராமங்களில் பெண்களுக்கு முழு முக்காடு கட்டாயமானது. சந்தையில் விற்பதும் தனியாக நடமாடுவதும் ஒடுக்கப்பட்டன. எளியவன் மேலே வரவேண்டும் என்ற அந்தப் போதனையில் எளியவள் என்றொருத்தி இல்லவே இல்லை.

அடுத்து வந்தது முற்றுகை. அப்போதைய சூம் மாகாணத்தின் தலைநகர் ஜிபோ. 2022 பிப்ரவரியிலிருந்து ஜேஎன்ஐஎம் அந்த ஊரை அடைத்துவைத்தது. சாலைகளில் கண்ணிவெடி புதைத்தார்கள், பாலங்களைத் தகர்த்தார்கள், குடிநீர் நிலையங்களையும் தாக்கினார்கள். அந்தச் செப்டம்பர் 26 அன்று, ராணுவக் காவலோடு ஜிபோவுக்கு உணவு கொண்டுபோன லாரிகளை காஸ்கிந்தே என்ற இடத்தில் எரித்தார்கள். நான்கு நாள் கழித்துத் தலைநகர் வகாடூகுவில் ராணுவத்துக்குள்ளேயே ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தது. கேப்டன் இப்ராகிம் திராவோரே ஆட்சியைப் பிடித்தார். வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஆட்சிக்கவிழ்ப்பு இருக்கும். லாரி வராத மாதங்களில் ஜிபோவிலும் அரிபிந்தாவிலும் உலையில் என்ன வெந்தது என்பது இருக்காது. இலை வெந்தது. வெறும் இலை, கொஞ்சம் உப்பு.

நல்ல காலத்திலும் அந்த மக்களின் தட்டில் இலைக்கு இடமுண்டு. கம்பு, சோள மாவில் நம் களிபோலக் கிண்டும் ‘தோ’ அவர்களுடைய அன்றாட உணவு. அதற்குத் தொட்டுக்கொள்ளப் பப்பரப்புளிய மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்துக் குழம்பு வைப்பார்கள். எங்கள் ராமநாதபுரம் சீமையில் யாரோ கப்பலில் கொண்டுவந்து நட்டுப் பெருத்துநிற்கும் அதே மரம்தான். அங்கே தாய்மார் மகள்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அறிவு அது. எந்த இலையை எப்போது பறிப்பது, எதை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். முற்றுகை வந்ததும் தொடுகறி முழுச்சாப்பாடாகிவிட்டது. சமைக்கிறவள் என்பதால் பறிக்கிறவளும் அவளே. பறிக்கிறவள் என்பதால் சாவின் எல்லைக்குப் போகிறவளும் அவளேயானாள்.

நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தது புறத்திணை. போரின் தொடக்கமாகத் தொல்காப்பியம் வைப்பது வெட்சியை, அதாவது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவதை. மதிலை வளைத்து முற்றுகையிடுவது உழிஞை. இதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, கோட்டையைச் சுத்தி வளைச்சப்புறம் உள்ள இருக்கறவங்க என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. துறைகளின் பட்டியலில் அதற்குப் பதிலில்லை. மதிலேறுவதற்குத் துறை உண்டு, அரசன் வாளை நீராட்டுவதற்கும் உண்டு. கீரை புறப்பாடல்களில் வேறிடத்தில் வருகிறது. கணவனை இழந்தவளின் உணவாக வருகிறது, வறுமையில் வாடும் புலவன் மனைவி பறிப்பதாக வருகிறது. இலை என்றாலே அது பெண்ணின் கையில்தான் இருக்கிறது. ஆனால் போர் என்ற கணக்கில் அது சேர்வதில்லை.

லிப்தாகோ-குர்மாவில் வெட்சி இன்றும் நடக்கிறது. ஆயுதக்குழுக்களின் வருமானத்தில் மாட்டுக்கொள்ளைக்குப் பெரிய பங்குண்டு. ‘ஜகாத்’ என்ற பெயரிலும் ஆடுமாடுகளை எடுத்துக்கொள்கிறார்கள். வெட்சியில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டியது. அதில் காவல் நிற்கும் ஆயர்களைக் கொல்வார்கள், மாட்டைக் கொல்வதில்லை. மாடு பகையல்ல, செல்வம். ஓட்டிக்கொண்டு போகலாம்.

அரிபிந்தாவின் அந்த வாக்கியமும் இப்படித்தான் இயங்குகிறது என்று எனக்குப் படுகிறது. ஆணைச் சுடுவார்கள், ஏனென்றால் அவன் நாளை துப்பாக்கி எடுக்கக்கூடும், முடிவெடுக்கக்கூடும், உளவு சொல்லக்கூடும். பெண்ணைச் சுடமாட்டார்கள், ஏனென்றால் அவள் முடிவெடுப்பவளாக யார் கண்ணிலும் படவில்லை. அது இரக்கமல்ல. ஆளாக மதிக்காததால் கிடைக்கும் விலக்கு. ஆளாக மதிக்காத எதையும் கவர்ந்துகொண்டு போகலாம். ‘ஒன்றும் செய்யமாட்டார்கள்’ என்பதற்கும் ‘கொண்டுபோய்விட்டார்கள்’ என்பதற்கும் இடையே ஓரடிதான் தூரம்.

அந்த வாக்கியம் அதற்கு முன்பே அங்கே பொய்த்திருந்தது. 2019 டிசம்பர் 24 அன்று இதே அரிபிந்தா தாக்கப்பட்டபோது கொல்லப்பட்ட பொதுமக்கள் 35 பேர். அவர்களில் 31 பேர் பெண்கள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் செத்தவர்கள் அவர்களில் உண்டு. மூன்று ஆண்டு கழித்து அதே ஊர்ப் பெண்கள் அதே நம்பிக்கையின் பேரில் கூடையை எடுத்தார்கள் என்றால், 31 பேர் செத்ததை மறந்துவிட்டார்கள் என்று பொருளா? எந்தத் தாயும் மறந்திருக்கமாட்டாள். வேறு வழி இல்லாத இடத்தில் நம்பிக்கை என்ற பெயரில் நிற்பது கட்டாயம்தான். ஒவ்வொரு முறை பத்திரமாகத் திரும்பும்போதும் அது அடுத்த முறைக்குச் சாட்சியாகிவிடுகிறது. திரும்பாத அன்றைக்கு, அந்த உறுதியைக் கொடுத்தது யார் என்று தேடினால் ஒருவரும் இல்லை.

அரசாங்கம் வந்தால் சரியாகிவிடும் என்றும் அந்தப் பெண்களால் நினைக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் மாலியின் மூரா கிராமத்தில் மாலி ராணுவமும் அதோடு வந்த வெளிநாட்டுப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐக்கிய நாடுகளின் விசாரணை சொன்னது. குறைந்தது 58 பெண்களும் சிறுமிகளும் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. மாலி அரசு அதை மறுத்தது. 2024 பிப்ரவரி 25 அன்று புர்கினாவின் நோந்தின், சோரோ கிராமங்களில் புர்கினா ராணுவமே 223 பேரைக் கொன்றது, அவர்களில் 56 பேராவது குழந்தைகள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. அந்தச் செய்தியை ஒலிபரப்பிய பிபிசியை அரசு நிறுத்திவைத்தது. மேய்ச்சல் சமூகமான ஃபுலானிகளில் பிறந்த ஆண் என்றால், ஜிகாதி என்று ராணுவமும் அரசின் தன்னார்வப் படையும் சந்தேகிக்கும். வரமாட்டேன் என்றால் ஜிகாதிகள் விடமாட்டார்கள். இருபக்கமும் அடிபடும் அந்த ஆண்களை நான் குறைசொல்லவில்லை. வீட்டில் ஒருவர் போயே தீரவேண்டும் என்ற நிலையில், சாகக்கூடியவர் போவதா, பிடிபடக்கூடியவர் போவதா என்று ஒரு குடும்பத்தைக் கணக்குப் போடவைத்ததே குற்றம். அந்தக் குற்றம் முற்றுகையிட்டவர்களுடையது, உணவு கொண்டுசேர்க்காத அரசுடையதும்தான்.

இந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது எங்கள் ஊரில். எனக்குப் பதினான்கு வயது. பக்கத்து ஊரோடு சாதிக் கலவரம். போலீசுக்கும் வெட்டுக்கும் பயந்து ஆண்கள் கருவேலங்காட்டில் படுத்துக்கொண்டார்கள். குடிதண்ணீர்க் கிணறு எதிராளிகள் தெருவைத் தாண்டி இருந்தது. “பொம்பளைகள ஒண்ணும் செய்யமாட்டாய்ங்க. நீ போயிட்டு வாத்தா” என்று சித்தப்பா சொல்ல, அப்பத்தா குடத்தை எடுத்தாள். கூடவே நானும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதும் அப்பத்தா குடத்தை இறக்கிவைத்த பிறகும் கொஞ்சநேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பேசவில்லை. கலவரக் கதையைப் பிற்பாடு சொன்ன ஆண்கள் கருவேலங்காட்டுப் பாம்பைப் பற்றிச் சொன்னார்கள், கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த நாற்பது நாளையும் அரிபிந்தாவின் ஆண்டுகளையும் ஒரே தராசில் வைக்க எனக்கு உரிமையில்லை. அந்த வாக்கியத்தின் எடை மட்டும் எனக்குத் தெரியும். அது ஆறுதல்போல ஒலிக்கும், ஆனால் வேலை ஏவும்.

2023இல் புர்கினாவில் இடம்பெயர்ந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக்கிடந்தன. பள்ளிக்கூடம் இல்லாத சிறுமியின் பகல்பொழுது யாருக்குச் சொந்தமாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தண்ணீருக்கும் விறகுக்கும் தம்பி தங்கைக்கும், கடைசியில் சீக்கிரமே வரும் ஒரு கல்யாணத்துக்கும்.

போர்ச்செய்தி படிக்கும்போது என் மாணவிகளிடம் அந்த இரண்டாமாண்டுப் பெண்ணின் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? அதைக் கொண்டுவரப் போவது யார்? அவளைப் போகச்சொன்ன வாக்கியம் எது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி, எத்தனை தளபதிகளின் பெயரைச் சொன்னாலும், பாதிச் செய்திதான்.

அந்த 66 பேரைப் பற்றி ஒரு கணக்கு மீதியிருக்கிறது. உலகம் ‘கடத்தப்பட்ட பெண்கள்’ என்றுதான் எழுதியது. மீட்கப்பட்டபின் அரசுத் தொலைக்காட்சி எண்ணிச் சொன்னதில் வயதுவந்த பெண்கள் 27 பேர்தான். மற்ற 39 பேரும் கைக்குழந்தைகள், சிறுவர்கள், வயதுவராத பெண்பிள்ளைகள். முதுகில் கட்டியிருந்த பிள்ளையோடும், இலை அடையாளம் பழக அழைத்துப்போன மகளோடும்தான் அம்மாக்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பினாலும் முற்றுகை அங்கேயே இருந்தது. அடுத்தநாள் உலைக்கும் யாரோ ஒருத்தி வெளியே போகவேண்டியிருந்தது.