மூட்டைக்குள் அடங்காத மண்

போபால் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போனால் பழைய யூனியன் கார்பைடு ஆலையின் மதில் வரும். எதிரே ஜே.பி. நகர், 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் விஷவாயு முதலில் புகுந்த குடியிருப்புகளில் ஒன்று. போகிறவர்கள் பெரும்பாலும் தாயும் சேயுமான சிலையின் முன் நின்றுவிட்டு, துருப்பிடித்த குழாய்களைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் ஆலைக்கு வடக்கே, சுமார் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. கழிவுநீரை வெயிலில் வற்றவைக்க 1977-இல் அமைத்த குட்டைகள் அங்கே ஏறத்தாழ 14 ஹெக்டேரில் பரந்திருந்தன. குட்டை கசிகிறது என்று 1982-இலேயே நிறுவனத்துக்குள் டெலக்ஸ் போயிற்று. உலகம் அறிந்த கசிவு ஓர் இரவில் நடந்தது. இந்தக் கசிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இதற்கு நினைவு நாள் எதுவும் கிடையாது.

ஆலைக்குள் சிதறிக் கிடந்த கழிவுகளை அள்ளி மூட்டை கட்டி ஒரு கொட்டகையில் அடுக்கிய வேலை 2005-இல் நடந்தது. மொத்தம் 337 டன். அதில் 162 டன் தோண்டியெடுத்த மண், 92 டன் செவின் பூச்சிக்கொல்லி மற்றும் நாப்தால் எச்சம், 54 டன் பாதி தயாரான பூச்சிக்கொல்லி, 29 டன் உலைக்கழிவு. ஜெர்மனிக்கு அனுப்பும் திட்டம் 2012-இல் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 புத்தாண்டு இரவில் 12 கன்டெய்னர்கள் 250 கிலோமீட்டர் ஓடி இந்தூருக்கு அருகிலுள்ள பீதாம்பூருக்குப் போயின. ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் ஜூன் இறுதிக்குள் எல்லாம் எரிந்து முடிந்தது. நாற்பதாண்டு விஷம் ஒழிந்தது என்று செய்தி வந்தது. ஆனால் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் (நீரி) தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் 2010-இல் தந்த மதிப்பீட்டின்படி, அங்கே கெட்டுப்போன மண் 11 லட்சம் டன். எரித்தது அதோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். சுண்ணாம்பு முதலானவற்றைச் சேர்த்து எரித்ததால் எஞ்சிய சாம்பலும் கசடும் 800 டன்னைத் தாண்டின. அவற்றையும் எங்காவது புதைத்தாக வேண்டும். எத்தனை டன் வெளியேறியது என்பதை வைத்து நிலத்தின் சுத்தத்தை அளப்பது தவறு என்பதே என் வாதம். அக்கம்பக்கத்துக் கிணற்றில் என்ன ஊறுகிறது என்பதுதான் சரியான அளவுகோல்.

மண்ணில் அப்படி ஒன்றும் இல்லை என்பவர்கள் உண்டு. 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஆலைக்கு வந்தபோது கழிவைக் கையில் எடுத்துக்காட்டி, தான் உயிரோடுதான் இருப்பதாகச் சொன்னார். தொட்டவுடன் கொல்லாது என்பதற்கு மட்டும் அது சான்று. கிரீன்பீஸ் 1999-இல் இந்த வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் கண்டறிந்த பாதரசமும் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களும், குடிக்கும் நீர் வழியாக ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் சேர்கிறவை. அவற்றின் கேட்டைக் கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு நிலத்தைப் பற்றியது. இங்கே மேலே இருப்பது கரிசல், களிமண் செறிந்தது, நீரை எளிதில் கீழே விடாது. 2010 ஆய்வும் ஒட்டுமொத்த நிலத்தடி நீர் கெடவில்லை, ஆலையை ஒட்டிய சில கிணறுகளில்தான் கலப்பு என்றது. ஈரக் கரிசலுக்கு இது பொருந்தும். கோவில்பட்டிப் பக்கத்து விவசாயி எவரும் கோடையில் கரிசல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கும் என்று சொல்லிவிடுவார். தவிர, ஆலை வளாகத்தில் குழி வெட்டிக் கொட்டிய கழிவுகள் அந்தக் களிமண் காப்பின் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே கடந்துவிட்டவை. குளோரின் கலந்த கரைப்பான்கள் பல நீரைவிடக் கனமானவை, இறங்கிக்கொண்டே போகும். சுற்றியுள்ள மக்களுக்கு நல்ல தண்ணீர் தர உச்சநீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. பின்னாளில் கலப்படம் கண்ட குடியிருப்புகளின் எண்ணிக்கை 42 ஆனது. எல்லை நிலையாக நிற்கவில்லை.

குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே, ஆலை நிலத்தை மூடி நினைவிடம் கட்டலாமே என்றும் கேட்கிறார்கள். குழாய் வந்ததால் மக்கள் குடிப்பது குறையும், நஞ்சு பரவுவது குறையாது. எல்லாவற்றையும் தோண்டுவதும் ஆபத்தில்லாத வேலையல்ல. சுவிட்சர்லாந்தின் போன்ஃபோலில் பாசல் நகர ரசாயன நிறுவனங்களின் பழைய கிடங்கைத் தோண்டியபோது 2010-இல் வெடிவிபத்து நேர்ந்து வேலை நின்றது. எனினும் 2016-க்குள் ஏறத்தாழ இரண்டு லட்சம் டன்னை வெளியேற்றினார்கள். சுமார் 38 கோடி ஃபிராங்க் செலவை நிறுவனங்களே ஏற்றன. நம் கொடைக்கானலிலும் தெர்மாமீட்டர் ஆலையின் 290 டன் பாதரசக் கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண் மட்டும் அங்கேயே கிடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா என்று பல ஆண்டுகள் வழக்காடினோம். பொதிய முடிந்தது போகும், பொதிய முடியாதது தங்கும்!

போபாலில் 2005-இல் மத்திய ரசாயனத் துறை, யூனியன் கார்பைடை வாங்கிய டவ் நிறுவனம் துப்புரவுச் செலவுக்கு 100 கோடி ரூபாய் முன்வைப்புத் தொகை தரவேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டது. 337 டன்னை அகற்ற அரசே 126 கோடி ஒதுக்கியது. இந்த விலையில் 11 லட்சம் டன்னையும் எரிப்பது நடவாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. குட்டைகள் இருந்த இடத்தையும் புதைகுழிகளையும் துளையிட்டுப் பார்த்து, நஞ்சு செறிந்த இடங்களை மட்டும் முதலில் எடுக்கலாம். நீரோட்டத்தை வழிமறித்து இறைத்துச் சுத்திகரிக்கலாம். மற்ற மண்ணை மூடிக் கண்காணிக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் கிணற்று நீரைப் பரிசோதித்து முடிவை அந்தந்தக் குடியிருப்பிலேயே ஒட்டிவைக்க வேண்டும். செலவுக் கணக்கை அதன் பிறகு டவ்விடம் கொண்டுபோனால், எதற்காகக் கேட்கிறோம் என்று காட்டக் கையில் வரைபடமாவது இருக்கும்.