புதிய இயங்குதளமும் பழைய அமானிதமும்



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018க்குப் பிந்தைய செயலியும் தேவை. சடையங்குப்பத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் கணினி அதற்கு முந்தையது. பழுதின்றி ஓடுகிறது, ஆயினும் புதிய பதிப்பை ஏற்காது. பல பள்ளிவாசல் அலுவலகங்களில் இதே நிலை இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அந்தக் கணினியில் இருப்பவை பாட வினாத்தாள்கள் மட்டுமல்ல. மாணவர் வருகைப் பதிவு, ஜகாத் வரவு செலவு, ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரிலிருந்து பெயர்த்தெழுதிய பட்டியல் ஆகியனவும் உள்ளன. கடவுச்சீட்டுக்கோ விதவை உதவித்தொகைக்கோ திருமணச் சான்று தேடி ஒரு சகோதரி வரும்போது, அவருடைய பெயரில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் அலைச்சல் அவருக்கே. சூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனம் அமானிதத்தைப் பற்றிக் கட்டளையிடுகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த விவரங்களும் அதில் அடங்கும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

பொருளாளர் ஒரு வழி சொன்னார்: “ஹஜ்ரத், கடையில் பூட்டு உடைத்த விண்டோஸை முந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். தீனுடைய வேலைக்குத்தானே?”

“தீனுடைய வேலை என்பதால்தான் பாய், அது நமக்கு வேண்டாம்” என்றேன்.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பதிப்புரிமை போன்றவை ஷரீஅத்தின் பாதுகாப்பைப் பெற்ற உரிமைகள் என்றும் அவற்றை மீறலாகாது என்றும் தீர்மானித்தது. அதுவன்றி, பூட்டு உடைத்தவர் உள்ளே எதைச் செருகி வைத்தார் என்பதை நாம் அறியோம். ஜகாத் பெறுவோரின் பெயர்களை அத்தகைய கணினியில் வைப்பது தகாது.

எஞ்சியது கட்டற்ற மென்பொருள். உரிமையாளரே பகிர அனுமதித்ததால் இதில் ஐயத்திற்கு இடமில்லை. டெபியன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. ஐந்தாண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

ஆனால், புதிதாக வந்த ஒன்றில் பொறுப்பான வேலையை உடனே ஏற்றலாமா? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம். எனவே முதலில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கி, அன்றாட வேலைகளைச் செய்து பார்த்தோம்.

தமிழும் அரபியும் ஒரே வரியில் வரும் வினாத்தாள் முதல் சோதனை. ஒன்று இடமிருந்தும் மற்றொன்று வலமிருந்தும் ஓடுவதால் அடைப்புக்குறிகளும் எண்களும் இடம் மாறுவது வழக்கம். லிப்ரே ஆஃபிஸில் பத்தியின் திசையைக் குறித்துக் கொடுத்ததும் அவை ஒழுங்குபட்டன. அரபிக்கு ‘அமீரி’ எழுத்துருவைச் சேர்த்தோம். கெய்ரோவின் பூலாக் அச்சகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய நஸ்க் எழுத்துகளை அடியொற்றியது அது. ஹரகத்துகள் தெளிவாக விழுந்தன.

இரண்டாவது சோதனை கடினமானது. பழைய நிகாஹ் பட்டியலைத் திறந்தால் திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. பிழை புதிய இயங்குதளத்தினுடையதன்று. யூனிகோடு பரவுமுன் பயன்பட்ட எழுத்துருக்களில், கோப்பினுள் இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. அதற்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லையேல் தமிழும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோதிலும், பழைய கோப்புகள் தாமே மாறிவிடவில்லை. மாற்றி மென்பொருளால் அவற்றை மாற்றி, மூல தஃப்தரோடு ஒவ்வொரு பெயராக ஒப்புநோக்கினோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரங்கள் பல இதில் கழிந்தன.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பொருளாளரின் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. அந்த விவரங்களை விரிதாளாக மாற்றி எடுத்துக்கொண்டோம். ஒரு மாதம் இரு முறையிலும் கணக்கெழுதி, தொகை ஒத்த பின்னரே பழையதை நிறுத்தினோம். விண்டோஸுக்கு மட்டுமேயான மென்பொருளை விட இயலாதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இந்த மாற்றத்தில் நான் உணர்ந்தது இதுவே: இயங்குதளம் வாடகை வீடு போன்றது, ஒருநாள் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆவணங்களோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் அவை இருந்தால் அடுத்த மாற்றத்தில் அச்சமில்லை. நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஒரு பிரதி மதரஸாவிலும், கடவுச்சொல் இட்டுப் பூட்டிய மற்றொரு பிரதி மேட்டுப்பகுதியில் உள்ள நிர்வாகி ஒருவரின் வீட்டிலும் இருக்கின்றன.

உங்கள் ஜமாஅத்திலும் பழைய கோப்பு ஒன்றை இன்றே வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில், மூல ஏட்டைப் படித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் சீர்செய்துவிடுங்கள்.

ஒப்படைக்கப்பட்டதைப் பேணிக் காப்போராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.