வேர் கூப்பிடும் குரல்



"சிவில் படிக்கிறவன் செங்கல், சிமெண்டைப் பத்தி எழுதாம வாழை வேரைப் பத்தி எழுதுறானே" என்று நினைப்பீர்கள். நான் சின்னமனூர்ப் பக்கத்துக்காரன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வாழைத் தோட்டம்தான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறது. அந்தத் தோட்டம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

போன வருஷம் அப்பா ஒன்றரை ஏக்கரில் திசு வாழை போட்டார். திசுக் கன்று ஆய்வுக்கூடத்தில், கிருமி அண்டாத குப்பிக்குள் வளர்வது. மண்ணில் சாதாரணமாக வேரோடு ஒட்டி வாழும் நல்ல பூஞ்சை அதன் வேரில் இருக்காது. அதைச் சேர்க்கத்தான் 'வேம்' என்கிற வேர் உட்பூசணம். எங்கோ படித்துவிட்டு, நான்தான் அடம்பிடித்து நாலு வரிசைக்கு மட்டும் வாங்கிப் போட வைத்தேன்.

"மண்ணைக் காசு குடுத்து வாங்குறவன் எங்க வீட்லதேன் இருக்கான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, வழக்கம்போல் குழிக்குக் குழி டி.ஏ.பி.யும் சூப்பரும் அள்ளிப் போட்டார். "கன்னு பசியோட நிக்கக் கூடாதுடா" என்பது அவர் கொள்கை.

ஆறு மாசம் ஆயிற்று. வேம் போட்ட வரிசைக்கும் போடாத வரிசைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கும் நண்பனிடம் புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "மணிச்சத்து எம்புட்டுப் போட்டீங்க?" சொன்னேன். சிரித்துவிட்டான். "வயிறு முட்டச் சாப்பிட்டவன் எதுக்குடா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போறான்?"

விஷயம் இதுதான். மணிச்சத்து மண்ணில் நகராது. வேர் தன்னைச் சுற்றி இருப்பதை உறிஞ்சிவிட்டால் அதற்கப்பால் எட்டாது. அங்கேதான் பூஞ்சை உதவுகிறது. முடியைவிட மெல்லிய இழைகளை நீட்டி, தூரத்தில் கிடக்கும் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். சுமார் 40 கோடி ஆண்டுகளாக நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது.

ஆனால், இருட்டு மண்ணுக்குள் பூஞ்சைக்கு வேர் இருக்கும் இடம் எப்படித் தெரியும்? செடிதான் கூப்பிடுகிறது! மணிச்சத்துப் பசி வந்ததும் வேர் 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்ற பொருளை மிக மிக நுணுக்கமான அளவில் கசியவிடும். அது பட்டதும் பூஞ்சை இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரைத் தேடும். 2005-ல் ஜப்பானில் கோகி அகியாமா குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். மணிச்சத்தைக் கொட்டிவிட்டால் பல பயிர்களில் இந்தக் கசிவு குறைந்துபோகிறது. எங்கள் கன்றும் கூப்பிட்டிருக்காது என்றான் நண்பன். முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்றவை இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை என்பதையும் அவன்தான் சொன்னான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இதே பொருளின் ஒரு வகையை 1966-லேயே பருத்தி வேரின் கசிவில் கண்டுபிடித்திருந்தார்கள். அப்போது தெரிந்தது அதன் கெட்ட பக்கம் மட்டுமே. சோளத்திலும் கரும்பிலும் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதை, இந்தக் கசிவை அறிந்துதான் முளைக்கிறது. ஸ்ட்ரைகா என்ற அந்தக் களையின் பேரே இந்தப் பொருளுக்கும் வந்தது. நண்பனைக் கூப்பிடும் குரல் எதிரி காதிலும் விழுகிறது.

அன்று ராத்திரி மோட்டார் ரூம் திண்ணையில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், "நானும் அப்படித்தேன் கூப்பிட்டேன். வந்தது சுடுமல்லி" என்றார். கன்றுக்கும் உரத்துக்கும் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மூன்று வட்டி. வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் இரண்டு அரியர் வைத்திருப்பதை அப்போதுதான் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். "முதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் பெரியப்பாவிடம் போய்க் கேட்டோம். வட்டிக்காரர் கணக்கு முடிந்தது. மண் பரிசோதனையும் செய்தோம். மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தது. மேல்வயலில் வைத்த புதுக் கன்றுக்கு, அறிக்கையில் சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டோம். கூடவே வேமும் போட்டோம். பலன் தார் வெட்டும்போதுதான் தெரியும். உரக்கடை பில் மட்டும் இப்போதே குறைந்திருக்கிறது.

நண்பர்களே, நம் ஹாஸ்டலிலும் ஃபீஸ் கட்ட முடியாமல், கணக்குப் பாடம் புரியாமல், வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. நானே அப்படி இருந்தவன்தான். வாயில்லாத வாழைக்கன்றே பசித்தால் கூப்பிடுகிறது. நமக்கு என்ன வெட்கம்? யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருப்போம். பக்கத்து அறையில் ஒருவன் கூப்பிட்டால், சுடுமல்லிக்கு முன்னால் நாம் போய்ச் சேர்வோம்.