இருந்தால் காட்டு

நவம்பர் 3, 2025, திங்கள்

காலையிலேயே சப்போர்ட் குழுவிலிருந்து வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட். லாரி புக்கிங் திரையில் ‘நிலுவை பில்கள்’ என்ற தலைப்பு, அதன் கீழே தன்னந்தனியாக ஒரு 0. பட்டியலும் இல்லை, ‘பில் எதுவும் இல்லை’ என்ற வரியும் இல்லை. “பாக்கி பூஜ்யம்னு அர்த்தமா, இல்ல சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுதா?” என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம். நியாயமான கேள்வி.

ரியாக்டில் பிழைப்பு நடத்துகிற எல்லோரும் இந்த முட்டையை எப்போதாவது பார்த்திருப்பார்கள். பழைய கோடில் யாரோ ‘பில் எண்ணிக்கை && பட்டியல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டின் && உண்மை, பொய் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இடதுபக்கம் தேறாவிட்டால் அந்த மதிப்பையே எடுத்துக் கையில் கொடுத்துவிடும். எண்ணிக்கை 0 என்றால் கிடைப்பதும் 0. ட்ரூ, ஃபால்ஸ், நல், அன்டிஃபைன்ட் நான்கையும் ரியாக்ட் திரையில் காட்டாது, எண்ணைக் காட்டும். 0 எண்தானே. ‘> 0’ சேர்த்து, காலிக்கு ஒரு வரியும் போட்டு அனுப்பியாயிற்று.

நவம்பர் 4, செவ்வாய்

இஎஸ்லின்ட்டின் ரியாக்ட் ப்ளகினில் இந்த 0 விவகாரத்துக்கென்றே ‘ஜேஎஸ்எக்ஸ் நோ லீக்டு ரெண்டர்’ என்று ஒரு விதி இருக்கிறது. அதை ஆன் செய்ததும் எடிட்டர் முழுக்கச் சிவப்பு.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது வேறு: சரக்கு விவரத் திரை. லோடிங்கா? இல்லையென்றால் பிழையா? அதுவும் இல்லையென்றால் பட்டியல் காலியா? காலி இல்லையென்றால் பார்ப்பவர் மேனேஜரா, டிரைவரா? எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக டெர்னரி. எந்தக் கேள்விக்குறிக்கு எந்த முக்காற்புள்ளி ஜோடி என்று விரலை வைத்துத்தான் தேட வேண்டும். எழுதியவரைத் திட்டியும் பயனில்லை. ஜேஎஸ்எக்ஸின் அடைப்புக்குள் மதிப்பு தருகிற கோவைதான் நிற்கும். ‘இஃப்’ கட்டளைக்கு அங்கே இடமில்லை.

நவம்பர் 5, புதன்

போன வருடம் கல்லூரி முடித்து வந்த தம்பி, நான் நேற்றுப் புலம்பியதைக் கேட்டிருக்கிறான் போல. “அக்கா, இஃப்னு ஒரு காம்பொனென்ட் எழுதிட்டேன். இனிமே எல்லா ஸ்க்ரீன்லயும் இதையே போட்டுக்கலாம்” என்று பி.ஆர். அனுப்பிவிட்டான். சின்னதுதான்: நிபந்தனை என்று ஒரு ப்ராப், அது தேறினால் உள்ளே இருக்கும் சில்ட்ரனைத் திருப்பித் தரும், இல்லாவிட்டால் நல். படிக்க அழகாகத்தான் இருந்தது. டெஸ்ட்டும் பாஸ்.

“கஸ்டமர் டேட்டா இன்னும் வராத நேரத்துல ஓட்டிப் பாரு” என்றேன். ஓட்டினான். திரை வெள்ளை. நல்லிலிருந்து பெயரைப் படிக்க முடியாது என்று கன்சோலில் டைப் எரர்.

“நிபந்தனைதான் இருக்கே அக்கா, உள்ள ஏன் போகுது?”

இடத்தை விட்டு எழுந்து போய் போர்டில் எழுதிக் காட்டினேன். ஜேஎஸ்எக்ஸ் பார்க்கத்தான் ஹெச்டிஎம்எல் மாதிரி. கம்பைல் ஆனபின் அது வெறும் ஃபங்ஷன் அழைப்பு. <இஃப்> டேகுக்கு நடுவே நாம் எழுதுவது அந்த அழைப்புக்குத் தரும் மதிப்பாக மாறுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மதிப்புகளை முதலில் கணக்கிட்டு முடித்துவிட்டுத்தான் அழைக்கும். ஆக, இஃப் கண்ணைத் திறப்பதற்கு முன்பே ‘கஸ்டமர்.பெயர்’ படிக்கப்பட்டு விடுகிறது. விருந்தாளி வருகிறாரா என்று கேட்பதற்குள் இலை போட்டுப் பரிமாறிவிட்ட கதை. டெர்னரியிலும் &&-இலும் இந்தத் தொல்லை இல்லை; தேவைப்படாத பக்கத்தை மொழியே தொடாது.

அவன் டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது? உள்ளே அவன் வைத்தது தனி காம்பொனென்ட். அந்த டேக் வெறும் விவரச்சீட்டு. இஃப் அதைத் திருப்பித் தந்தால் ஒழிய ரியாக்ட் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடாது. அதனால் சில இடங்களில் வேலை செய்யும், சில இடங்களில் விழும். எப்போதுமே விழுகிற கோடைக்கூட நம்பலாம், இதை நம்ப முடியாது.

சில்ட்ரனை ஃபங்ஷனாகக் கொடுத்தால் தீரும்; இஃப் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும். ஆனால் டைப்ஸ்கிரிப்ட் சும்மா விடாது. நிபந்தனையில் கஸ்டமரைச் சோதித்தோம் என்பது ஃபங்ஷனுக்குள் அதற்குத் தெரியாது. ‘இது நல் ஆக இருக்கலாம்’ என்று சண்டைக்கு வரும். சோதித்த மதிப்பையே ஃபங்ஷனுக்கு வாதமாகத் தர வேண்டும். அதையும் செய்து பார்த்தோம். கடைசியில் டெர்னரியைவிட நீளமாகிவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

தம்பி விடவில்லை. “சாலிட்ல ஷோ இருக்கே, அது மட்டும் எப்படி?”

நல்ல கேள்வி, அதனால் மதியம் முழுக்க அதிலேயே போனது. சாலிடின் கம்பைலர், மாறக்கூடிய ப்ராப்களை கெட்டர்களாக மாற்றிவிடுகிறது. யாராவது தொட்டால்தான் உள்ளடக்கம் கணக்கிடப்படும்; ஷோவின் நிபந்தனை தேறாவிட்டால் யாரும் தொடுவதில்லை. வ்யூவின் வி-இஃப், ஸ்வெல்ட்டின் இஃப் பிளாக் எல்லாம் டெம்ப்ளேட் கம்பைலரின் வேலை. ஆங்குலர், வருடக்கணக்காக என்ஜிஇஃப் என்ற டைரக்டிவை வைத்து ஓட்டிவிட்டு, 2023 நவம்பரில் வந்த 17-ஆம் பதிப்பில் @இஃப் என்று டெம்ப்ளேட் மொழியிலேயே சேர்த்துக்கொண்டது. ரியாக்டிலும் ‘ஜேஎஸ்எக்ஸ் கன்ட்ரோல் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்ற பேபல் ப்ளகின் இருக்கிறது. <இஃப்> என்று எழுதினால் பில்டின்போது டெர்னரியாக்கிவிடும். இத்தனையிலும் கம்பைலர் துணை நிற்கிறது. நம்முடைய இஃப்புக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு டேகுக்காக பில்டில் இன்னொரு ப்ளகினைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இஃப் வேண்டாம் என்று முடிவு. தம்பிக்கு முகம் வாடியது. ஆனால் அவன் யோசனையில் பாதியை வைத்துக்கொண்டோம்.

எல்லா நிபந்தனைக்கும் பொதுவான காம்பொனென்ட் எதையும் சொல்வதில்லை. ஒரே கேள்வி திரைக்குத் திரை வந்தால், அந்தக் கேள்விக்குக் காம்பொனென்ட் எழுதலாம். எங்களுக்கு அப்படி இரண்டு. ஒன்று ‘தரவு நிலை’: லோடிங், பிழை, காலி, உள்ளது என நான்கு ப்ராப், கடைசியது தரவை வாதமாக வாங்கும் ஃபங்ஷன். நான்கும் கட்டாயம். காலிக்கு என்ன காட்டுவது என்று எழுதாவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் பில்டையே நிறுத்திவிடும். திங்கட்கிழமை 0 வந்த இடத்தில் இது இருந்திருந்தால், வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்று அன்றே யாராவது யோசித்திருப்பார்கள். இன்னொன்று ‘அனுமதி’: பார்ப்பவரின் ரோலைக் கொடுத்தால் பட்டனைக் காட்டும் அல்லது மறைக்கும். இதில் தம்பிக்கு ஒன்றை அழுத்திச் சொன்னேன்: பட்டனை மறைப்பது பூட்டு ஆகாது, சர்வரும் அனுமதியைச் சோதிக்க வேண்டும்.

மற்ற இடங்களில் ஃபங்ஷனின் தலையிலேயே ‘இல்லையென்றால் திரும்பு’. பழைய வழி, படிக்க எளிது.

நவம்பர் 10, திங்கள்

டேப் மாற்றினால் பாதி நிரப்பிய சரக்கு ஃபார்ம் காலியாகிவிடுகிறது என்று புகார். நிபந்தனை பொய்யானதும் ரியாக்ட் அந்தக் காம்பொனென்ட்டைக் கழற்றிவிடும். ஸ்டேட்டும் அதோடு போகும். இதற்கு நேரெதிரான கோளாறு பக்கத்துத் திரையில்: ‘திருத்தமா’ என்ற டெர்னரியின் இரண்டு பக்கமும் ஒரே ஃபார்ம். ஒரே இடத்தில் ஒரே வகைக் காம்பொனென்ட் என்பதால் ரியாக்ட் ஸ்டேட்டை அப்படியே வைத்துக்கொள்ள, திருத்தத்தில் தட்டிய வண்டி எண் புதிய பதிவிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரண்டுக்கும் வேறு வேறு ‘கீ’ கொடுத்தோம், தீர்ந்தது.

டேப் மாற்றினால் ஃபார்ம் காலியாகிற முதல் புகாருக்கு வ்யூக்காரர்களிடம் வி-ஷோ முதலிலிருந்தே உண்டு. நீக்காது, சிஎஸ்எஸ்ஸால் மறைக்கும். ரியாக்டில் போன மாதம் வந்த 19.2-இல் ‘ஆக்டிவிட்டி’ சேர்ந்திருக்கிறது. மறைக்கும்போது ஸ்டேட்டையும் டாமையும் வைத்துக்கொண்டு, எஃபெக்ட்களை மட்டும் நிறுத்திவிடும். நேரலை வண்டி இருப்பிடத்தை எஃபெக்ட்டில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மறைந்த டேப் சர்வரைத் தொந்தரவு செய்யாது, நல்லது. ஆனால் டாம் அப்படியே இருப்பதால் டிரைவர் பயிற்சி வீடியோ மறைந்த பிறகும் பாடிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்தும் க்ளீனப்பை லேஅவுட் எஃபெக்ட்டில் எழுதச் சொல்லி டிக்கெட்டைத் தம்பி பெயரில் போட்டுவிட்டேன்.